மூன்றாவது கோப்பி

வணக்கம் அண்ணா,

நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு எரித்திரிய அகதிக் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட்டோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். இங்கே மார்க்கம் நகருக்கு வந்து எட்டு மாதம். முன்பு சூடானில், கார்த்தூமில் இருந்தார்கள். கணவர் அங்கே கார் மெக்கானிக். வீடு, தளபாடம், பள்ளிக்கூடம், ஹெல்த் கார்ட் எல்லாவற்றுக்கும் நாங்களே ஓடித் திரிந்தோம். ஆனால் அவர் ஆங்கில வகுப்பை இரண்டாம் மாதமே விட்டுவிட்டு, இரவில் ஒரு ஃபாக்டரியில் பெட்டி அடுக்கப் போகிறார். நாங்கள் கொடுக்கும் காசில் மிச்சம் பிடித்துக் கெய்ரோவில் இருக்கும் தங்கைக்கு அனுப்புவதாக இப்போதுதான் தெரியவந்தது. எங்களில் ஒருவர், இனி ரசீது காட்டினால்தான் காசு என்கிறார். இதைப்பற்றிக் கதைக்கப் போனால் மனைவி கோப்பி வறுக்க உட்கார்ந்துவிடுகிறார், ஒரு மணித்தியாலம் போய்விடும். ஒன்றைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம். நாங்களும் அகதியாக வந்தவர்கள்தான், ஆனால் இப்படி இருக்கவில்லை. இன்னும் நாலு மாதத்தில் எங்கள் பொறுப்பு முடிகிறது. எங்கே பிழை விட்டோம்?

எஸ்., மார்க்கம்

அன்புள்ள எஸ்.,

முதல் வேலையாக அந்த ரசீது யோசனையைக் கைவிடுங்கள். உங்கள் நண்பரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஸ்பொன்சரில் வரும் குடும்பம் விமான நிலையத்தில் இறங்கும்போதே நிரந்தர வதிவிட உரிமையோடுதான் இறங்குகிறது. நீங்கள் ஒரு வருடம் காசு கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தீர்கள். கொடுத்த பிறகு அது அவர்களுடைய காசு. அதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுப்பது அவர்கள். திருப்பித் தா என்றும் கேட்க முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எரித்திரியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, இராணுவத்திலும் அரசு வேலையிலும் செய்யும் கட்டாயத் தேசிய சேவை 18 மாதம். எத்தியோப்பியாவுடன் 1998இல் எல்லைப் போர் வந்த பிறகு அதற்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. எத்தனையோ பேர் பத்து, பதினைந்து வருடம் அடுத்தவர் கட்டளைக்கு வேலை செய்திருக்கிறார்கள். எங்கே இருப்பது, என்ன செய்வது, எப்போது வீட்டுக்குப் போவது எல்லாம் அதிகாரி சொல்வதுதான். அதிலிருந்து தப்பத்தான் அந்த நாட்டுச் சனம் எல்லை தாண்டி ஓடுகிறது. அங்கிருந்து வந்த ஒரு மனிதரிடம் மாதா மாதம் ரசீது கேட்டால் அவருக்கு எதை நினைவுபடுத்தும்?

சரி, தங்கைக்கு அனுப்பும் காசு. 2023 ஏப்ரலில் கார்த்தூமில் சண்டை தொடங்கியது. அங்கே ஏற்கெனவே அகதியாக இருந்தவர்கள் இரண்டாம் முறை ஓடினார்கள், பலர் எகிப்துக்கு. இந்தத் தங்கையும் அப்படிப் போனவராக இருக்கலாம், நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா தெரியவில்லை. நாங்கள் இப்படி இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தோம், தம்பி. நான் 1987இல் வந்து ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். முதல் மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள்மூலம் காசு அனுப்பும் வழியில், ஊருக்குப் போனது. இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு வந்த எனக்கு ஆங்கில வகுப்பு எந்தத் திசையில் நடந்தது என்றே தெரியாது. கேட்டவர்களிடம் காசு அனுப்புவதில்லை என்று பொய் சொன்னேன். சொன்னால் வரும் உதவி நின்றுவிடும் என்று பயம். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழரும் ஜெர்மனியிலிருந்து வந்ததை மறைத்து இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். உண்மை தெரிந்ததும் பலர் கொதித்தார்கள். ஆனால் அவர்களைத் தன் படகில் ஏற்றிய மீனவர் கஸ் டால்டன் கடைசிவரை அவர்கள் பக்கம்தான் நின்றார். பயத்தில் மறைப்பதை ஏமாற்று என்று எடுக்காதீர்கள்.

எனக்கு ஆரம்பத்தில் உதவிய ஒரு குழு இருந்தது. நல்ல ஆட்கள். குளிர்ச்சட்டை, கட்டில், சட்டி பானை எல்லாம் தந்தார்கள். அதில் ஒரு அம்மா வரும்போதெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார், சாப்பாடு இருக்கிறதா என்று. அன்பினால்தான், எனக்கும் விளங்கியது. ஆனாலும் அந்தக் கதவு திறக்கும் சத்தத்துக்கு என் உடம்பு கூசும். அவர் வருகிறார் என்றால் வீட்டில் இல்லாத மாதிரி இருந்துவிடுவேன்.

நான் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் ஒரு இத்தாலியக் கிழவர். பின்வளவில் ஒரு அத்திமரம் வைத்திருந்தார். இந்தக் குளிருக்கு அத்தி தாங்காது. அதனால் பனிக்காலத்துக்கு முன்னால் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை மெல்லச் சாய்த்து, குழியில் கிடத்தி மண்ணால் மூடிவிடுவார். வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார். அந்த நவம்பரில் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டு, தனக்கு இடுப்புவலி, மரத்தைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். அரைகுறை ஆங்கிலம் அவருக்கும், எனக்கும். இரண்டு மணித்தியாலம் மண்ணில் நின்றோம். கனடாவில் என்னிடம் ஒருவர் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிரவு ஊருக்குக் கடிதம் எழுதும்போது "எங்கள் வீட்டு அத்திமரம்" என்று எழுதினேன்.

உங்கள் வீட்டில் கார் இருக்கும். பிரேக் சத்தம் போடுகிறது என்று அவரிடம் காட்டியிருக்கிறீர்களா? எட்டு மாதத்தில் ஐந்து பேரும் அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அவரிடமிருந்து எதையும் வாங்கியதாகக் கடிதத்தில் இல்லை.

ஆங்கிலத்துக்கும் வழி அதே கார்தான். ஒன்டாரியோவில் கார் மெக்கானிக் வேலைக்குச் சான்றிதழ் கட்டாயம், 310 எஸ் என்பார்கள். பிற நாட்டில் செய்த வேலை அனுபவத்தைக் காட்டி, சான்றிதழ் கொடுக்கும் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்டாரியோ என்ற நிறுவனம் அதை மதிப்பிட்டு ஏற்றுக்கொண்டால் பரீட்சை எழுதலாம். இல்லாவிட்டால் அப்ரென்டிஸாகப் பதிந்து ஒரு கராஜில் தொடங்கலாம். சண்டையில் சிதறிப்போன கார்த்தூமில் பழைய முதலாளியைத் தேடி அனுபவக் கடிதம் எடுப்பது லேசான காரியம் இல்லை. ஐந்து பேர் ஓடித் திரிய வேண்டிய இடம் அது. பெட்டி அடுக்குபவருக்கு ஆங்கில வகுப்பு ஒரு தண்டனை. பரீட்சைக்குப் படிப்பவருக்கு அப்படி இராது. புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் என்ற ஆங்கில வகுப்புகள் மாலையிலும் சனிக்கிழமையிலும் இருக்கின்றன, இலவசம். மனைவியையும் சேர்த்துப் பாருங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதியுள்ள வகுப்புகளும் உண்டு. அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தாயின் நோயைப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கக் கூடாது.

பதின்மூன்றாம் மாதம் பற்றி அவர்களிடம் இப்போதே சொல்லுங்கள். காசு நிற்கும் தேதி, வாடகை எவ்வளவு, பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் டாக்ஸ் காசு எவ்வளவு வரும், தேவைப்பட்டால் வெல்ஃபேர் என்ற அரசு உதவிக்கு எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் போட்டு, மொழி தெரிந்த ஒருவரை வைத்து நிதானமாகக் கதையுங்கள். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகும் அவர் தங்கைக்கு அனுப்பினால், அது அவர் எடுத்த முடிவு.

கடைசியாக அந்தக் கோப்பி. உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய வரி அதுதான். எரித்திரியர் வீட்டில் கோப்பிக்கொட்டையைப் பச்சையாக எடுத்து உங்கள் முன்னால் வறுத்து, புகை வரும் சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கும் கொண்டுவந்து மணக்கத் தருவார்கள். பிறகு இடித்து, ஜெபெனா என்ற மண்குடுவையில் காய்ச்சி, சின்னக் கப்புகளில் மூன்று தரம் ஊற்றுவார்கள். மூன்றாவதன் பெயர் பெரெகா, ஆசீர்வாதம் என்று அர்த்தம். அதற்கு முன் எழும்பிப் போவது மரியாதை இல்லை. அந்தப் பெண் எட்டு மாதமாக உங்களை விருந்தாளியாக நடத்தப் பார்க்கிறார். நீங்கள் ஒவ்வொரு முறையும் முதல் கப்போடு எழும்பி வந்திருக்கிறீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபைல் எதுவும் எடுக்காமல் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாவது கோப்பி வரும்வரை இருங்கள். கெய்ரோவில் இருக்கும் அந்தத் தங்கையின் பெயர் என்ன என்று கேளுங்கள்.

அன்புடன்
அண்ணா