ஒரு பாட்டுக்கு ஆறு மாசமா?

அன்புள்ள அண்ணா,

நீங்க இசை பத்தி எழுதுறதை விடாம படிக்கிறவன் நான். நானே எழுதி, நானே ட்யூன் போட்டு, லேப்டாப்ல ரெக்கார்ட் பண்றேன். தனித்தனி பாட்டா இல்லாம, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சா கேக்குற மாதிரி ஒரு ராக் ஆல்பம் பண்ணணும்னு இறங்கினேன். இப்ப பதினாலு பாட்டு பாதியில நிக்குது. ஒவ்வொண்ணுலயும் எண்பது, தொண்ணூறு ட்ராக், அதாவது தனித்தனியா எடுத்து அடுக்கின பதிவு. எதை வைக்கிறது, எதைத் தூக்குறதுன்னே புரியல. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "போதும்டா, ரிலீஸ் பண்ணு"ங்கிறாங்க. அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'பார்ன் டு ரன்'ங்கிற ஒரே பாட்டுக்கு ஆறு மாசம் எடுத்துக்கிட்டார்னு நீங்க ஒரு இடத்துல போற போக்குல சொல்லியிருந்தீங்க. படிச்சப்ப ஆறுதலாவும் இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. அந்த ஆறு மாசம் அவர் என்னதான் பண்ணினார்? அது உழைப்பா, இல்ல முடிவெடுக்கத் தெரியாத தடுமாற்றமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

ரெண்டுமே இருந்துச்சு. ஆனா அந்தப் பாட்டுல பெரும்பாலும் உழைப்பு, அதுக்கப்புறம் அதே பேர்ல வந்த ஆல்பத்துலதான் தடுமாற்றம். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாத்தா உங்க பதினாலு பாட்டுக்கும் ஏதாவது வழி தெரியும்னு நினைக்கிறேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1974 ஆரம்பத்துல ஸ்பிரிங்ஸ்டீனுக்கு 24 வயசு. கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனிக்கு 1973ல ஒரே வருஷத்துல ரெண்டு ஆல்பம் குடுத்துட்டார். விமர்சகர்கள் பாராட்டினாங்க, கடையில விக்கல. மூணாவதும் ஓடலன்னா அதோட கதை முடிஞ்சுதுன்னு அவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். அந்த நிலைமையில யாரா இருந்தாலும் சட்டுபுட்டுனு ஒரு ஹிட் பாட்டு போட்டுட்டுத் தப்பிக்கத்தான் பாப்பாங்க. இவர் என்ன பண்றார்னா நியூ ஜெர்சியில லாங் பிராஞ்ச்ங்கிற ஊர்ல ஒரு சின்ன வாடகை வீட்டுல உக்காந்து, அதுவரைக்கும் தனக்கு நல்லா வந்துக்கிட்டிருந்த ஒரு விஷயத்தையே குறைக்க ஆரம்பிக்கிறார். முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்க, ஒரு வரிக்குள்ள அஞ்சு வரிக்கான வார்த்தை முண்டியடிச்சுக்கிட்டு நிக்கும், எதுகை மேல எதுகையா கொட்டும். வரிகளுக்காகவே பேர் போன பாடகர் பாப் டிலன், அவருக்கு அடுத்த ஆள்னு கம்பெனி அவரை விளம்பரம் பண்ணினதே அதை வச்சுத்தான். அந்தத் தண்ணி மாதிரி வர்ற வார்த்தையை அவரே அடைச்சார். யார் வேணா பேசுற சாதாரண வார்த்தை, கார், ரோடு, ராத்திரி, ஒரு பொண்ணு பேரு, அவ்வளவுதான். இசையை மட்டும் எவ்வளவு பெருசா தூக்க முடியுமோ தூக்குறதுன்னு முடிவு பண்ணினார்.

டிலன் மாதிரி வார்த்தை, ப்ரொட்யூசர் ஃபில் ஸ்பெக்டர் மாதிரி சவுண்டு, பாடகர் ராய் ஆர்பிசன் மாதிரி பாடணும், இதுதான் அப்ப தன்னோட ஆசையா இருந்துச்சுன்னு அவரே பின்னால சொல்லியிருக்கார். இந்த இடத்தை நல்லா கவனிங்க தம்பி. எங்க போகணும்னு அவருக்குத் தெளிவா இருந்துச்சு, எப்படிப் போறதுன்னுதான் தெரியல. ஆறு மாசமும் போனது அந்த 'எப்படி'ங்கிறதுக்குத்தான். அதை நான் தடுமாற்றம்னு சொல்ல மாட்டேன்.

ஃபில் ஸ்பெக்டர் 1960கள்ல அந்தச் சவுண்டை எப்படி எடுத்தார்னா, ஒரு ரூமுக்குள்ள ஏகப்பட்ட வாத்தியக்காரங்களை அடைச்சு, மூணு நாலு கிட்டார், ரெண்டு மூணு பியானோன்னு எல்லாரையும் ஒரே நேரத்துல வாசிக்க வச்சு, மேல எக்கோ போட்டு எடுத்தார். ஸ்பிரிங்ஸ்டீன்கிட்ட அவ்வளவு ஆளும் இல்ல, அதுக்குப் பணமும் இல்ல. இருந்தது அவரோட பேண்டும், நியூயார்க் மாநிலத்துல ப்ளாவெல்ட்ங்கிற ஊர்ல இருந்த '914' ஸ்டுடியோவும்தான். அங்க இருந்தது 16 ட்ராக் மெஷின். அதனால ஒரே பேண்டையே திரும்பத் திரும்ப வாசிக்க வச்சு அடுக்கடுக்கா ஏத்தினாங்க. கிட்டார் மேல கிட்டார், பியானோ, ஆர்கன், அதுக்கு மேல மணி மாதிரி ஒலிக்கிற க்ளாக்கன்ஸ்பீல். 16 ட்ராக்கும் நிறைஞ்சுடுச்சுன்னா நாலஞ்சு ட்ராக்கைச் சேத்து ஒண்ணாவோ ரெண்டாவோ கலந்து இறக்கிட்டு, காலியான இடத்துல புதுசா ரெக்கார்ட் பண்ணணும். பவுன்ஸ் பண்றதுன்னு சொல்லுவாங்க. பவுன்ஸ் பண்ணிட்டா பண்ணினதுதான், அப்புறம் அந்த மூணாவது கிட்டாரை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமேன்னு நினைச்சாலும் நடக்காது. அதாவது ஒவ்வொரு அடுக்குலயும் ஒரு முடிவு எடுத்தே ஆகணும். உங்க லேப்டாப்ல அந்த நெருக்கடி கிடையாது, எண்பது ட்ராக்கும் எண்பது தள்ளிப் போட்ட முடிவா உக்காந்திருக்கு. உங்க சிக்கலோட வேரு அங்கதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணும் சொல்லணும். ஆறு மாசம்னா ஆறு மாசமும் ஸ்டுடியோவுக்குள்ளயே கிடந்தாங்கன்னு அர்த்தம் இல்ல. வயித்துப் பாட்டுக்கு ஊர் ஊரா வாசிச்சுக்கிட்டே, நடுவுல நாள் கிடைக்கிறப்ப எல்லாம் வந்து வேலை பாத்தாங்க. ஸ்ட்ரிங்ஸ் தூக்கலா ஒரு மிக்ஸ், பொண்ணுங்க கோரஸ் வச்சு ஒரு மிக்ஸ்னு போட்டுப் பாத்து எல்லாத்தையும் தள்ளினாங்க. 1974 ஆகஸ்ட்ல முடிஞ்ச பாட்டு நாலரை நிமிஷம். அதுல சாக்ஸஃபோன் சோலோவும் அதைத் தொட்டு வர்ற பகுதியும் முடிஞ்சு கடைசிச் சரணத்துக்குப் போற இடத்தை மட்டும் தனியா நாலஞ்சு தடவை கேளுங்க. மொத்த பேண்டும் படிப்படியா சரிஞ்சுக்கிட்டே கீழ இறங்கும், ஸ்வரம் எல்லாம் உருண்டு விழுற மாதிரி இருக்கும், அப்படியே ஒரு நொடி தொங்கி நிக்கும், அவர் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு கத்துவார், மறுபடி எல்லாம் ஒண்ணா வந்து விழும். அத்தனை அடுக்கு இருந்தும் அந்த இடத்துல எதுவும் குழம்பல. அந்த ஆறு மாசம் என்ன ஆச்சுன்னு கேட்டீங்களே, எனக்குப் பதில் அந்த சில நொடிதான்.

இனி தடுமாற்றத்துக்கு வர்றேன். அந்த ஒரு பாட்டு முடிஞ்ச கையோட பியானோ டேவிட் சான்சியஸும் டிரம்ஸ் எர்னஸ்ட் கார்ட்டரும் பேண்டை விட்டுப் போயிட்டாங்க. பத்திரிகையில விளம்பரம் குடுத்து ராய் பிட்டனும் மேக்ஸ் வைன்பர்க்கும் வந்து சேர்றாங்க. அதுக்கப்புறம் மாசக்கணக்கா வேலை நகரவே இல்ல. பாட்டு இருக்கு, முடிய மாட்டேங்குது. ஜான் லேண்டாவ்னு ஒரு விமர்சகர், 1974ல இவரோட கச்சேரியைப் பாத்துட்டு ராக் அண்ட் ரோலோட எதிர்காலத்தைப் பாத்தேன்னு எழுதினவர், அவர் 1975ல கோ-ப்ரொட்யூசரா உள்ள வர்றார். வந்ததும் வேலையை நியூயார்க் சிட்டியில இருந்த ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவுக்கு மாத்த வைக்கிறார். எது போதும், எது இன்னும் வேணும்னு தள்ளி நின்னு கேட்டுச் சொல்ற ஒரு காது கிடைச்சது அப்பதான்.

'தண்டர் ரோட்' பாட்டை எடுத்துக்கங்க. 1975 பிப்ரவரியில மேடையில பாடினப்ப அதுக்குப் பேரு வேற, அந்தப் பொண்ணு பேரு ஏஞ்சலினா, முடிவு நீளமா அலையும். ஆல்பத்துல வர்றப்ப அவ மேரி ஆயிட்டா, வழக்கமான பல்லவி சரணம் அமைப்பே கிடையாது, மவுத் ஆர்கனும் பியானோவுமா மெதுவா தொடங்கி ஒரு இடத்துல கூட பின்னால திரும்பாம ஏறிக்கிட்டே போகும். அந்தப் பழைய மேடைப் பதிவு தேடினா கிடைக்கும், ரெண்டையும் அடுத்தடுத்து வச்சுக் கேளுங்க, எடிட்டிங்னா என்னன்னு நான் பத்துப் பக்கம் எழுதுறதை விட அது நல்லா சொல்லிக் குடுக்கும்.

'டென்த் அவென்யூ ஃப்ரீஸ்-அவுட்' பாட்டுக்கு ப்ரெக்கர் சகோதரர்கள், டேவிட் சான்பார்ன்னு பெரிய பெரிய ஆளுங்க ஹார்ன் வாசிக்க வந்திருக்காங்க, எழுதி வச்ச நோட்ஸ் சரியா உக்காரல. ஸ்டீவ் வான் சாண்ட் ஸ்பிரிங்ஸ்டீனோட பழைய கூட்டாளி, அப்ப பேண்டுல கூட இல்ல, சும்மா பாக்க வந்தவர். நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றார், அப்ப நீயே போய் சரி பண்ணுன்னு அனுப்பினாங்க. பேப்பர் எல்லாம் வேண்டாம்னுட்டு ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க வாசிக்க வேண்டியதை வாயாலயே பாடிக் காட்டினார், அதுதான் ரெக்கார்டுல நிக்குது. உங்க ஃப்ரெண்ட்ஸ் "போதும்டா"ன்னு சொல்றது பெரிய உதவி இல்ல. எந்தப் பாட்டுல எந்த இடம் உக்காரலன்னு பாடிக் காட்டுறவன் ஒருத்தன் வேணும், அவனைத் தேடுங்க.

'ஜங்கிள்லேண்ட்' பாட்டோட சாக்ஸஃபோன் சோலோ ரெண்டு நிமிஷத்துக்கு மேல வரும். அதை எடுக்க 16 மணி நேரம் ஆச்சு. ஸ்பிரிங்ஸ்டீன் ஒவ்வொரு ஸ்வரமா, எங்க இழுக்கணும் எங்க விடணும்னு சொல்லச் சொல்ல, பேண்டோட சாக்ஸஃபோன்காரர் கிளாரன்ஸ் க்ளெமன்ஸ் திரும்பத் திரும்ப வாசிச்சார். அன்னிக்கு அந்த மனுஷனோட பொறுமை இல்லன்னா அந்த சோலோ இல்ல. கேட்டா அந்த நிமிஷத்துல தோணினதை அப்படியே ஊதின மாதிரித்தான் இருக்கும்.

இந்த ஆல்பம்னாலே எல்லாரும் அதோட பிரம்மாண்டத்தைத்தான் பேசுறாங்க. எனக்குப் பிடிச்ச முடிவு வேற. கடைசிக்கு முந்தின பாட்டு 'மீட்டிங் அக்ராஸ் தி ரிவர்'. பியானோ, டபுள் பேஸ், டிரம்பெட், ஒரு குரல், அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது, கிட்டார் கிடையாது. எதிலயும் இடமே இல்லாத மாதிரி நிரப்பின ஒரு ஆல்பத்துல, ஒன்பது நிமிஷத்துக்கு மேல போற 'ஜங்கிள்லேண்ட்'டுக்கு முன்னாடி, இவ்வளவு காலியா ஒரு பாட்டை வைக்கத் துணிச்சல் வேணும். அந்தக் காலி இடம் இருக்கறதாலதான் அடுத்த பாட்டு அவ்வளவு பெருசா திறக்குது. அதே மாதிரி 'லிண்டா லெட் மி பி தி ஒன்', 'லோன்லி நைட் இன் தி பார்க்'னு ரெண்டு பாட்டை ரெக்கார்ட் பண்ணியும் ஆல்பத்துல சேக்கல. ரெண்டும் மோசமான பாட்டு இல்ல, வேற ஒருத்தரா இருந்தா பெருமையா போட்டிருப்பாங்க. ஆனா மொத்தமா எட்டே பாட்டு, 40 நிமிஷம் கூட இல்ல. உங்க பதினாலுல எந்த எட்டுன்னு இன்னிக்கே ஒரு பேப்பர்ல எழுதுங்க, ட்ராக்கைக் குறைக்கிறதெல்லாம் அப்புறம்.

அவருக்கும் கடைசி வரைக்கும் நம்பிக்கை வரலங்கிறதையும் சொல்லிடறேன். 1975 ஜூலை 20 ப்ராவிடன்ஸ் ஊர்ல டூர் தொடக்கம், அதுக்கு முன்னால ராத்திரி பகலா ஒரு பக்கம் மிக்ஸிங், ஒரு பக்கம் ரிகர்சல். இன்ஜினியர் ஜிம்மி அயோவின் முடிஞ்ச ஆல்பத்தை டிஸ்க்ல வெட்டிக் கொண்டுவந்து போட்டுக் காட்டினப்ப, ஸ்பிரிங்ஸ்டீன் அதைத் தூக்கி ஹோட்டல் நீச்சல் குளத்துல வீசிட்டார். எல்லாத்தையும் விட்டுட்டு மேடையில லைவா ரெக்கார்ட் பண்ணிக்கலாம்னு கூட பேசினார். லேண்டாவ்தான் பேசிப் பேசி ஆல்பத்தை வெளியிட வச்சார். தடுமாற்றம்னு நீங்க கேட்டீங்களே, அது இதுதான். வேலை முடிஞ்சிருச்சு, பயம் முடியல. அந்தக் கட்டத்துல இன்னும் ஆறு மாசம் குடுத்திருந்தா ஆல்பம் கெட்டுத்தான் போயிருக்கும்.

ஆகஸ்ட் 25 வெளிவந்துச்சு, பில்போர்ட் ஆல்பம் விற்பனைப் பட்டியல்ல மூணாவது இடம் வரைக்கும் போச்சு, அக்டோபர்ல டைம், நியூஸ்வீக் பத்திரிகை ரெண்டும் ஒரே வாரம் அவரை அட்டையில போட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷமே மேனேஜர் மைக் ஆப்பலோட வழக்கு. 1977ல சமாதானம் ஆகுற வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆல்பம் வேலைக்குன்னு ஸ்டுடியோ பக்கமே போக முடியல, அடுத்த ஆல்பம் 1978லதான் வந்துச்சு. அது இதுக்கு நேர் எதிர், எலும்பும் தோலுமா இருக்கும். அந்தச் சவுண்டைப் பத்தி நிறைய சொல்ல இருக்கு, இன்னொரு நாள் எழுதறேன். நீங்க முதல்ல அந்த எட்டுப் பாட்டுப் பேரை அனுப்புங்க.

அன்புடன்,
அண்ணன்