தகர டப்பாவில் மூன்று பதக்கம், புத்தகத்தில் இரண்டு

கேள்வி: என் அப்பா 1964 ஜனவரியில் பட்டாளத்தில் சேர்ந்து, 1982-ல் நாயக் ரேங்கில் பென்ஷனில் வந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவருடைய ட்ரங்க் பெட்டியைத் திறந்து அடுக்கியபோது ஒரு பவுடர் டப்பாவுக்குள் மூன்று பதக்கங்கள் கிடைத்தன. பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் இரண்டுதான் எழுதியிருக்கிறது. போதாததற்கு, 71 சண்டையில் அப்பா இருந்தார் என்று அம்மா அடித்துச் சொல்கிறார். அந்த டிசம்பர் முழுக்க அவரிடமிருந்து கடிதமே இல்லையாம், பொங்கல் கழிந்துதான் வந்ததாம். அந்தச் சண்டைக்கான வீரப் பதக்கம் டப்பாவிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. அது கிடைத்தால் பென்ஷன் கூடுமா என்று தம்பி கேட்கிறான். இங்கே ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். அப்பாவின் சமாதிக் கல்லில் பதக்கங்களின் பெயர் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கல் கொத்துபவர் காத்திருக்கிறார். என்ன செய்யட்டும்? புத்தகப் பக்கங்களையும், பென்ஷன் ஆர்டரையும், அம்மாவின் ஆதாரையும், பதக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம் எனக் கேட்ட வாசகி)

பதில்: சகோதரி, முதலில் அந்த 15,000 ரூபாயை முடித்துவிடலாம். கொடுக்காதீர்கள். இதற்குக் கட்டணம் என்று எதுவும் கிடையாது. ஜெராக்ஸ், தபால் செலவு, அம்மாவை ஒருமுறை மாவட்டத் தலைநகருக்குக் கூட்டிப்போகிற பஸ் செலவு, அவ்வளவுதான். அந்த மனிதர் செய்யப்போவதும் ஒரு கடிதம் எழுதிப் போடுவதுதான். அதை நீங்களே எழுதலாம், இன்னும் நன்றாக.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புத்தகத்தில் இருப்பவை ரக்ஷா மெடலும், ஜம்மு காஷ்மீர் கிளாஸ்போடு சைன்ய சேவா மெடலும். ரிப்பனில் குத்தியிருக்கும் சின்னப் பட்டைக்குத்தான் கிளாஸ்ப் என்று பெயர். ரக்ஷா மெடல் 1965 சண்டைக் காலத்துக்குரியது. 1965 ஆகஸ்ட் 5 அன்று பணியில் இருந்து, 180 நாள் சர்வீஸும் முடித்தவர்களுக்குக் கொடுத்தது. அப்பா சேர்ந்தது 64 ஜனவரி, கணக்கு சரியாக வருகிறது. டப்பாவில் இருக்கும் மூன்றாவது, சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவுப் பதக்கம். 1972 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்த எல்லோருக்கும் அது உண்டு. சமையல்காரரோ சுபேதாரோ, பனிமலையோ பாரக்ஸோ, வித்தியாசம் கிடையாது.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். அந்த மூன்றாவது பதக்கத்தைக் கையில் எடுத்து, பழைய எட்டணாக் காசின் விளிம்பைத் தடவுவதுபோல நகத்தால் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன எழுத்து தட்டுப்படும். உங்கள் படத்தில் பாதிதான் தெரிகிறது. நான்கு இலக்கமும் அப்பா பெயரின் முதல் மூன்று எழுத்தும் என்னால் படிக்க முடிந்தது. நம் ராணுவத்தில் பதக்கத்தின் விளிம்பில் ஆர்மி நம்பரையும் பெயரையும் பொறித்துத்தான் கொடுப்பார்கள். அந்த நம்பரும் டிஸ்சார்ஜ் புக் முதல் பக்கத்தில் உள்ள நம்பரும் ஒன்றாக இருந்தால், அப்பாவுக்கு இந்தப் பதக்கத்தைக் கொடுத்தது சர்க்காரேதான். கொடுத்ததைப் புத்தகத்தில் எழுத விட்டுப்போயிருக்கிறது. உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய சாட்சி அதுதான். ஒன்று விடுபட்டது கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, இன்னொன்றும் விடுபட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. விளிம்பு எழுத்து மழுங்கிப்போன பதக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எப்படி விடுபடுகிறது என்று கேட்பீர்கள். நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன், அதனால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் சொல்கிறேன். ஒரு சிப்பாய்க்கு நடக்கிற எதுவும், கல்யாணம், குழந்தை, லீவு, புரமோஷன், பதக்கம் எல்லாமே, யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தாளில் ஏற வேண்டும். அந்தத் தாள், படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். அங்கே ஒருவர் அதைப் பார்த்து, சிப்பாயின் ஷீட் ரோலில், அதாவது அவருடைய சர்வீஸ் பதிவில், ஏற்றுவார். டிஸ்சார்ஜ் சமயத்தில் ஷீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக்கை நிரப்புவார்கள். ஒரே தாளில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். டைப்ரைட்டரில் ஒரு இலக்கம் மாறினால் உங்கள் அப்பாவின் பதக்கம் வேறொருவர் கணக்கில் போய்விடும். நடுவில் அவர் வேறு இடத்துக்குப் போஸ்டிங் ஆகியிருந்தால், பழைய யூனிட் 'புது யூனிட் போடும்' என்று விட்டுவிடும், புது யூனிட் 'பழையது போட்டிருக்கும்' என்று விட்டுவிடும். அதோடு, சண்டைக்கான பதக்கங்களைச் சண்டை முடிந்து சாவகாசமாகத்தான் அறிவிப்பார்கள். 65 சண்டைக்கானவை வந்ததே 1967-ல். அதற்குள் ஆள் எங்கெங்கோ சிதறியிருப்பார். என்னுடைய புத்தகத்திலேயே ஒரு பதக்கம் விட்டுப்போயிருந்தது. அதைப் பென்ஷன் வந்து ஆறு வருடம் கழித்து, என் மகன்தான் கண்டுபிடித்தான். கிளார்க் புத்தகத்துக்கே அந்தக் கதி.

சரி, 71-க்கு வருவோம். நீங்கள் கடிதத்தில் 'வீரப் பதக்கம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விண்ணப்பத்தில் போடாதீர்கள். வீர் சக்ரா, சேனா மெடல் போன்றவை ஒருவர் செய்த செயலுக்காகத் தருபவை. மேலதிகாரி சிபாரிசு செய்து, அரசிதழில் பெயர் வந்திருக்க வேண்டும். அப்படி வராத ஒன்றைக் குடும்பம் கேட்டு இப்போது சேர்க்க முடியாது. நீங்கள் தேடுவது வேறு. அது இந்த நாளில் இந்த இடத்தில் இருந்தார் என்பதற்காகக் கிடைப்பது. 1971 டிசம்பர் 3-ல் தொடங்கிய சண்டையில் கிழக்கே போனவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக் களத்தில் நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். இரண்டுமே ஐந்து முனை நட்சத்திரம். மூன்றாவதாகச் சங்க்ராம் மெடல், இது வட்டமானது.

உங்களுக்கு முக்கியம் இந்தச் சங்க்ராம் மெடல்தான் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் அதன் வலை பெரியது. ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத், மேற்கு வங்கம், அஸ்ஸாம், மேகாலயா, மிசோரம், திரிபுரா ஆகிய இடங்களில் பணியிலிருந்தவர்களுக்கு அது உண்டு. அதற்கான காலம் 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை. அதாவது துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து ஒரு வருடம் வரைக்கும். அப்பா அந்த டிசம்பரில் களத்திலேயே இல்லாவிட்டாலும், 72-ல் பஞ்சாபிலோ ஜம்முவிலோ இருந்திருந்தால் பேச்சு இருக்கிறது.

ஆகவே பதக்கத்தைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள். 'என் கணவர் 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை எந்தெந்த யூனிட்டில், எந்தெந்த இடத்தில் இருந்தார்? அந்தப் பணிக்கு அவருக்கு உரிய பதக்கங்கள் எவை? அவை ஷீட் ரோலில் ஏறியிருக்கின்றனவா?' இந்த மூன்றும் போதும். அதன் கீழே இன்னொரு பத்தியில் அந்த மூன்றாவது பதக்கத்தைப் பற்றி எழுதுங்கள்: விளிம்பில் உள்ள நம்பர் இது, பெயர் இது, புத்தகத்தில் இல்லை, சேர்த்துத் தரவும். 18 வருட சர்வீஸ் என்பதால் 9 வருட நீண்ட சேவைப் பதக்கம் உண்டா என்று ஒரு வரி. மொத்தம் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. அப்பா லாகூர் வாசல் வரை போன கதையெல்லாம் வேண்டாம். படிக்கிறவர் மேஜையில் அன்றைக்கு மட்டும் இருபது கடிதம் இருக்கும்.

'என் கணவர்' என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். விண்ணப்பம் அம்மாவின் பெயரில், அம்மாவின் கையெழுத்தில் போக வேண்டும். குடும்பப் பென்ஷன் வாங்குபவர் அவர். ரெக்கார்ட் ஆபீஸைப் பொறுத்தவரை இந்த வீட்டில் அவர்கள் அறிந்த ஆள் அவர் ஒருவர்தான். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்பது பென்ஷன் ஆர்டரிலும் டிஸ்சார்ஜ் புக் முத்திரையிலும் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, பீரங்கிப்படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத்.

கூடவே வைக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கமும் (எழுதாத பக்கமும்தான்), அப்பாவின் பென்ஷன் ஆர்டர், இறப்புச் சான்று, அம்மாவின் அடையாள அட்டை, மூன்று பதக்கங்களின் முன்புறம், பின்புறம், விளிம்பு. எல்லாமே நகல். அசல் டிஸ்சார்ஜ் புக்கை முதல் கடிதத்தோடு அனுப்பிவிடாதீர்கள். திருத்தி எழுதித்தர அவர்கள் கேட்டால் அப்போது அனுப்பலாம், அதுவும் ஒப்புகையோடு. ஒரு பிரதி நேரடியாக ஸ்பீடு போஸ்ட்டில் போகட்டும். இன்னொன்றை உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து, உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். அந்த அலுவலகத்துக்கு ரெக்கார்ட் ஆபீஸோடு எழுதிக்கொள்வது அன்றாட வேலை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் இனிஷியல் பட்டாளத்துக்குப் பிடிபடாத விஷயம். உங்கள் கடிதத்தில் ஒரு மாதிரி, பென்ஷன் ஆர்டரில் ஒரு மாதிரி, அம்மாவின் ஆதாரில் கணவர் பெயராக இன்னொரு மாதிரி இருக்கிறது. விண்ணப்பத்தில் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள எழுத்து அப்படியே வரட்டும், அது தப்பாகவே இருந்தாலும். பெயர் திருத்தத்தை இதோடு சேர்த்துக் கேட்டீர்களோ, இரண்டும் நின்றுவிடும்.

இரண்டு மூன்று மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. ராணுவத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். போன்றவைதான் விலக்குப் பட்டியலில் உள்ளன. அதையும் அம்மா பெயரிலேயே போடுங்கள். 'ஏன் சேர்க்கவில்லை?' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 'ஷீட் ரோலின் நகலும், 1971 முதல் 1973 வரை இந்த நம்பருக்கு வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகலும் தேவை' என்று கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். இருக்கிற தாளைத்தான் அவர்கள் தர முடியும், ஆனால் அந்தத் தாள்தான் நமக்கும் வேண்டும். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், லாங் ரோல் என்ற பதிவேட்டில் சுருக்கம் மட்டும் இருக்கும். உங்கள் அப்பா பென்ஷன்காரர், ஆகவே அந்தப் பயம் உங்களுக்கு இல்லை.

அம்மாவின் டிசம்பர் ஞாபகத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பழைய இன்லேண்ட் கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பீரோவின் அடித்தட்டு, பழைய நகைப் பெட்டி, சாமி அறை, இங்கெல்லாம்தான் இருக்கும். அனுப்புநர் முகவரியில் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றிருந்தால் பொதுவாக வடக்கு அல்லது மேற்கு, 99 என்றிருந்தால் கிழக்கு. முத்திரையில் தேதி இருக்கும். பொங்கல் கழிந்து வந்த அந்தக் கடிதம் மட்டும் கிடைத்துவிட்டால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அதுவே தீர்ப்பு ஆகாது, ஆனால் தேடுபவருக்கு எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பதில் நீங்கள் நினைத்தபடி இல்லாமலும் போகலாம். யூனிட் முன்னால் போனபோது அப்பா ஆஸ்பத்திரியிலோ, ஏதாவது பயிற்சியிலோ, பின்னால் ஸ்டோரைக் காவல் காத்துக்கொண்டோ இருந்திருக்கலாம். கடிதம் வராததற்கு அதுவும் காரணமாகலாம். சண்டை நாளில் எல்லோருடைய தபாலும்தான் நின்றது. அப்படி வந்தால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பணத்தை எதிர்பார்த்து நீங்கள் கேட்கவில்லை என்று தெரியும், இருந்தாலும் தம்பி கேட்டதாக எழுதியிருப்பதால்: இந்தப் பதக்கங்களால் குடும்பப் பென்ஷன் ஒரு ரூபாய்கூட ஏறாது. மாதாமாதம் தொகை வருவது வீர விருதுகளுக்குத்தான். அதேபோல, டெல்லி கோபிநாத் பஜாரில் இந்தப் பதக்கங்கள் எல்லாமே விலைக்குக் கிடைக்கும். ஒரு பூர்வி ஸ்டாரை வாங்கி டப்பாவில் சேர்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம். அதன் விளிம்பில் அப்பாவின் நம்பர் இருக்காது.

கல் கொத்துபவரை இனியும் காக்க வைக்க வேண்டாம். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த வருடம், ஓய்வு பெற்ற வருடம் இவற்றைக் கொத்தச் சொல்லுங்கள். அதற்குக் கீழே மூன்று பதக்கங்கள். மூன்றாவதை இப்போதே கொத்தலாம், விளிம்பு நம்பர் ஒத்துப்போனால் போதும், ரெக்கார்ட் ஆபீஸ் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அடியில் இரண்டு வரிக்கு வெறும் இடம் விடச் சொல்லுங்கள். அவர் காரணம் கேட்டால் அம்மாவே சொல்லட்டும்.