பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டை ஊர் அருங்காட்சியகமாக மாற்றினால் யார் வந்து பார்ப்பார்கள்?

பங்காளிகளில் பாதிப்பேர் வெளியூரில் இருக்க, தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் விலை பேச வியாபாரி வாசலில் நிற்கும் வீடுதான் உங்களுடையதும் என்று எண்ணிக்கொண்டு பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டின் நிலையும் அதுவாகவே இருந்தது.

எங்களுடையது காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு செட்டிநாட்டு ஊர். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு. 1942இல் ஜப்பானியர் அங்கே நுழைந்தபின் தொழில் சிதைந்து, குடும்பமும் மெல்லக் கலைந்தது. வீட்டை விற்பதில்லை என்று பங்காளிகள் ஒருவழியாக ஒத்துக்கொண்ட பிறகு, வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் சிலவற்றைக் காட்சிக்கு ஒதுக்கினோம்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று இளையவர்கள் சொன்னபோது, எங்கள் ஆச்சி ஒருவர் அதற்கு இணங்கவே இல்லை. திருமணத்தில் சாமான் பரப்புவது எப்படியோ அப்படியே தரையில் பரப்பினால்தான் எது சீர், எது அன்றாடப் புழக்கத்துக்குரியது என்று பார்ப்பவர்களுக்கு விளங்கும் என்றார். சீர் சாமான்களைக் குறித்துவைத்த பட்டியலான பழைய முறைச்சிட்டையை ஒருவர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பாத்திரமும் இருக்க வேண்டிய இடத்தையும் அதைப் புழங்கியவர் யார் என்பதையும் ஆச்சி சொல்லிக்கொண்டே வர, நாங்கள் எழுதிக்கொண்டோம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம், இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பிப் பாதுகாத்திருக்கிறது. அந்தப் பணியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வீடு தன் ஊரிலேயே நிற்கும்போதுதான் இப்படி ஓர் ஆச்சி அடுத்த தெருவிலிருந்து நடந்துவந்து நம்மைத் திருத்த முடியும்.

இது பணக்காரரின் குலப்பெருமை என்று சிலர் சொல்வார்கள் என்பதை அறிவேன். அதனால்தான் ஓர் அறை முழுவதையும் வீட்டைக் கட்டியவர்களுக்கென்றே வைத்தோம். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்து உலர்த்தும் ஆத்தங்குடித் தரைக்கல்லும், முட்டை வெண்கரு சேர்த்துச் சுவரைப் பளிங்குபோல் தேய்த்தெடுத்த கொத்தனாரின் கருவிகளும், கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடைந்த பெண்களின் வேலைப்பாடும் அங்கே இருக்கின்றன. வருகிற பள்ளிப் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பதும் அந்த அறையில்தான். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இலேயே இடம்பெற்றுவிட்டன. அப்படியிருந்தும் தேக்குத் தூண்கள் லாரியில் ஏறி எங்கோ ஓர் உணவகத்தின் அலங்காரமாகப் போவதைப் பார்க்கும்போது எனக்கு ஆறவே இல்லை.

யார் வருவார்கள் என்ற கவலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பங்காளிகள் அனைவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கையில் இருக்கும் பணத்தைக் காட்சிப் பெட்டிகளில் போடாமல், அடுத்த மழைக்கு முன் ஓடு மாற்றுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச மட்டும் எவரையும் விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி, உள்ளிருந்தே சுவர் உதிரத் தொடங்கிவிடும்.