சின்ன ஊர்க் கடைகளில் எதுவும் வாங்காமல் சும்மா பார்த்தால் ஏன் முறைக்கிறார்கள்?

எந்த ஊர்க் கடை என்று நீங்கள் சொல்லவில்லை. புது ஊருக்கு மாற்றலாகிப் போய், சாயங்காலம் பொழுது போகாமல் ஒரு கடைக்குள் நுழைந்து, "என்ன வேணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதும் வெளியே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வருத்தம் நியாயம்தான். ஆனால் சின்ன ஊர் என்றாலே அப்படித்தான் என்று ஒரே போடாகப் போட்டதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், சும்மா பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் கடையையே ஒப்படைத்துவிட்டுப் போனார் ஒருவர்.

தக்கலையில் நடந்தது. சென்னையிலிருந்து வந்த நண்பன் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தே தீருவேன் என்று நின்றான். திங்கட்கிழமை பூட்டியிருக்கும் என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்கு வந்ததும் அவன் பழம்பொரி தின்ன உட்கார்ந்தான். நான் பக்கத்துக் கடைக்குள் போனேன்.

முன்பக்கம் மண்வெட்டி, வெட்டுக்கத்தி, ரப்பர் பால் வெட்டுகிற கத்தி. பின்பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது வந்த சாமான்கள்: வாயகன்ற வெண்கல உருளி, மூக்கு வைத்த செம்பு மாதிரியான கிண்டி, ஊறுகாய்ப் பரணிகள். நடுவே ஒரு சக்கரப்பலகை, அதாவது சக்கரம் என்கிற பழைய காசை எண்ணுகிற பலகை. திருவிதாங்கூர் ராஜா காலத்தில் 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்த வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பு மாதிரி அத்தனை சின்னது, விரலால் எண்ணி மாளாது. அதனால் பலகையில் வரிசையாகக் குழி வெட்டியிருப்பார்கள். காசை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக விழும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணி முடிந்தது. இந்தப் பலகையில் குழிகளின் விளிம்பு கைபட்டு மழுங்கி, சிலவற்றில் எறும்பு மண் அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சாரம் (லுங்கி) கட்டிய பெரியவர் ஒருவர், கடைக்காரர்தான், எட்டிப் பார்த்தார். முறைக்கவில்லை. "மக்கா, கொஞ்சம் பாத்துக்கிடு. பேரனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வாறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"யாராவது தெரியாத ஆளிடம் கடையை விட்டுப் போவார்களா, கதை விடாதே" என்று ஒருவர் கீழே எழுதத்தான் போகிறார். எழுதட்டும்.

தனியாக நின்றபோதுதான் ஒன்று கவனித்தேன். ரோட்டில் டாரஸ் லாரி போகும்போதெல்லாம் பரணிகள் ஒன்றோடொன்று உரசிக் கடகடக்கின்றன. எங்கள் மலைகளை உடைத்துக் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள். ரோடு போச்சு, பைக்கில் போகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான். தேர்தலுக்குத் தேர்தல் எல்லாரும் பேசுவார்கள், அப்புறம் பேச்சு மூச்சு இருக்காது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை வேறு எங்கே போய்ச் சொல்வது?

சரி. பால்வெட்டுக்காரர் ஒருவர் வந்தார். கத்தியை எடுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்து முனை பார்த்தார். விலை எனக்குத் தெரியாது என்றேன். "எனக்குத் தெரியும்" என்று ரூபாயை மேசை மேலிருந்த டப்பாவில் போட்டார். போனால் பரவாயில்லை, நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மருமவனா? எப்ப வந்தீரு? சவுதியா, துபாயா?"

இல்லை என்று சொன்னதை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. மாமனாருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, சாயாவில் சீனி போடுவதை நீர்தான் கண்டிக்க வேண்டும், நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார் என்று எனக்கு உபதேசம். நடுவில் நண்பன் வந்து எட்டிப் பார்க்க, "இது தம்பியா?" என்று அவனையும் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்.

பெரியவர் பேரனோடு திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். டப்பாவைத் திறந்து எண்ணினார். "அவன் எப்பவும் இருபது ரூவா குறைச்சுத்தான் வைப்பான்" என்று மட்டும் சொன்னார். பலகை என்ன விலை என்று கேட்டேன்.

"அது விக்கதுக்கு இல்ல மக்கா. அரண்மனை பாக்க வாறவங்க அதைப் பாத்துட்டுத்தான் உள்ள வாறாவ. வந்தா வேற ஏதாவது எடுப்பாவ."

நானும் ஒரு கிண்டி எடுத்தேன். விலை பேசவில்லை. மாமனார் கடையில் எப்படிப் பேசுவது?

கடைக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவரவில்லை. என் சித்தப்பாவும் கடை வைத்திருப்பவர்தான், சாமான் திருட்டுப் போகிற கஷ்டம் தெரியும். கடைசியில் வாங்கினாய், அதனால்தான் மரியாதை என்றும் யாரும் கிளம்ப வேண்டாம். வண்டியைக் கிளப்பியபோது நான் எதையாவது வாங்குவேனா என்று அவருக்குத் தெரியாது.