தீபாவளிக்கு நாய்க்குட்டியைச் சொல்லாமல் பரிசளிக்கலாமா?

அக்கா மகளுக்கு நாய் என்றால் உயிர், தீபாவளியன்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு குட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2018 தீபாவளிக்கு நான் இதையேதான் செய்தேன். அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

திருச்சி உறையூரில் என் அக்கா வீடு. மாடி போர்ஷன், வாடகை. பழக்கூடையில் துண்டை விரித்து, அதில் ஒரு லாப்ரடார் குட்டியை உட்காரவைத்து எடுத்துப்போனேன். அக்கா மகள் பாப்பா போட்ட சத்தத்தில் கீழே இருந்த வீட்டுக்காரம்மாவே மேலே வந்துவிட்டார். அத்தான் வீடியோ எடுத்தார். அது இன்னும் என் போனில் இருக்கிறது. இப்போதெல்லாம் அதைப் போட்டால் குழந்தையை விட்டுவிட்டு அக்காவைத்தான் பார்க்கிறேன். சிரிக்கிறாள். சிரிக்கும்போதே கண் ஒரு தடவை வாசலில் நிற்கும் வீட்டுக்காரம்மா பக்கம் போகிறது, அப்புறம் முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமியார் பக்கம் போகிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியவே இல்லை. ராத்திரி பாத்திரம் விளக்கிக்கொண்டே, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

சேலை பிடிக்காவிட்டால் பீரோவில் மடித்து வைத்துவிடலாம். குழந்தை கையில் குட்டி ஏறிவிட்டால், நாலு பேர் முன்னால் "எங்களால் முடியாது" என்று எந்த அம்மா சொல்வாள்? 10, 12 வருஷம் அதற்குச் சோறு வைத்து, மூத்திரம் துடைத்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவள் அவள். அவளைக் கேட்காமல் நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

அதிலும் தீபாவளி. நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிச் சுமார் பதினான்காவது வாரம் வரைதான். அந்த வயதில் மனதில் ஏறிய பயம் லேசில் இறங்காது. நம் காது கேட்கிற அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே அதற்குக் கேட்கும். தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பிரிந்த முதல் ராத்திரி, தெருவெல்லாம் ஆயிரம் வாலா வெடிக்கிறது. ஜாங்கிரி (பாப்பா வைத்த பெயர்) வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே போய்ப் புகுந்துகொண்டது. கையை விட்டு வெளியே எடுத்தேன். விலா எலும்புக்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது, எச்சில் ஒழுகி முன்னங்கால் இரண்டும் நனைந்திருந்தன. என் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு அப்படியே மூத்திரம் போய்விட்டது. ஐப்பசி பிறந்து தெருவில் முதல் வெடி வெடித்ததும் இன்றும் அது பாத்ரூமுக்குள் போய்ப் படுத்துவிடுகிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

விற்றவர் 45 நாள் குட்டி என்றார். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. 8 வாரம் என்றால் 56 நாள். எனக்கு அது தெரியாது, விசாரிக்கவும் இல்லை. பண்டிகைக்குள் கையில் இருக்க வேண்டும் என்ற அவசரம். டாக்டர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பாற்பல்லே முழுசாக வரவில்லையே, 45 நாள்கூட இருக்காது என்றார்.

அதுவும் ஐந்தாம் நாள்தான், வாந்தியும் ரத்தப்பேதியுமாக அதை எடுத்துப்போனபோது. பார்வோ. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, ஊசியின் பலன் இன்னும் முழுசாக வராத இடைவெளியில் குட்டிகளை வாரிக்கொண்டு போகிற நோய். 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 16 வாரம் வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை என்று போட்டுக்கொண்டே வரவேண்டும். அந்தக் கணக்கெல்லாம் பழக்கூடையோடு வராது. ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது. அக்கா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, மடியில் துண்டோடு அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தாள். பிழைத்துவிட்டது.

பரிசாக வந்த நாய்மேல் பாசம் வராது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நாயையோ பூனையையோ பரிசாகப் பெற்றவர்களில் 96 சதவீதம் பேர், பரிசாக வந்ததால் பாசம் கூடியது அல்லது எந்த வித்தியாசமும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அக்காவைக் கேட்டிருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். பாசத்துக்கு அந்த வீட்டில் குறைவே இல்லை. காலை ஏழே முக்காலுக்கு மாமியாரைத் தவிர எல்லோரும் கிளம்பிவிடுகிற வீட்டில் நேரம்தான் இல்லை. எட்டாவது மாதம் ஜாங்கிரி 25 கிலோ ஆகிவிட்டது. பகலெல்லாம் கவனிக்க ஆளில்லாமல் கதவின் அடிப்பலகையைச் சுரண்டியே தேய்த்துவிட்டது. ஒருநாள் மாமியார் அதன்மேல் இடறி விழப்போனார், வீட்டுக்காரம்மாவும் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் போய் ஜாங்கிரியை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். பாப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

என் வீட்டில் இடம் இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மாமா இருக்கமாட்டார். பட்டையைக் கழற்றிவிட்டு ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்.

(நாய் வேண்டாம், கிளியோ நட்சத்திர ஆமையோ வாங்கலாம் என்று யோசிக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.)

தெற்கே கன்னி என்கிற நாட்டு இன நாயை விலைக்குக் கொடுக்கமாட்டார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் குட்டியைக் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் வாக்கு, பிறகு குட்டி.

நீங்களும் அக்காவிடம் முதலில் பேசுங்கள், பாப்பா பக்கத்தில் இல்லாதபோது. காலையில் யார் வெளியே கூட்டிப்போவது, ஊருக்குப் போனால் எங்கே விடுவது, வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள், மாதச் செலவு யாருடையது என்று எல்லாவற்றையும் கேளுங்கள். சரி என்றால், வெடிச் சத்தமெல்லாம் ஓய்ந்து கார்த்திகையும் முடியட்டும். அப்புறம் எல்லோருமாகப் போய்ப் பாருங்கள். சென்னை என்றால் கிண்டி வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் விலங்குகள் காப்பகத்தில் வீடில்லாத நாட்டுக் குட்டிகள் நிறைய இருக்கும். நம் வெயிலுக்கும் அவைதான் சரி. பாப்பாவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அக்கா வேண்டாம் என்று சொன்னால் மறுபடி கேட்டு நச்சரிக்காதீர்கள்.