சிவப்பு நூல் சாயம் விட்டால் என்ன செய்வது?

தலவாக்கலை வாசகி ஒருவர் கேட்கிறார்: போயா (பௌர்ணமி) லீவுக்குத் தோழிகள் நான்கு பேர் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போய், புல்லில் பாய் விரித்து நாள் முழுக்கப் பூத்தையல் தைத்தோம். பின்னேரம் மூட்டமும் தூறலும் வரவே, துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நானுஓயாவில் ரயில் ஏறினோம். வீட்டில் பிரித்தால் வெள்ளை மேசை விரிப்பில் ரோஜாவைச் சுற்றி இளஞ்சிவப்புக் கறை. நூலை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரிடம் வாங்கினோம். தைத்ததையும் அவரே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். விரிப்பைக் காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள், சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பெரிய பேசினில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் சலவைத் தூள் கலந்து, விரிப்பை மடிக்காமல் முழுக்க அமிழ்த்துங்கள். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டு மாற்றுங்கள். நிறம் இறங்குவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், ஒரு நாள் ஆனாலும் சரி. நடுவில் காயவிடக் கூடாது. உப்பும் வினாகிரியும் போடச் சொல்வார்கள். பருத்தி நூலின் சாயத்தை அவை பிடித்து நிறுத்தாது, வீண் வேலை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பூவின் கோட்டை தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால், முதலில் சலவைத் தூள் போடவே வேண்டாம். வெறும் குளிர்ந்த தண்ணீரில் நீலம் முழுதும் போகும்வரை அலசுங்கள். அது தூறலில் மறைந்த மாதிரி இருக்கும், காய்ந்ததும் திரும்பி வரும். கோடு போய்விட்டது என்று நம்பி சோப்புப் போட்டாலோ இஸ்திரி போட்டாலோ நீலமும் நிரந்தரக் கறையாகிவிடும். பென்சிலால் வரைந்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

தூறலைவிட, ஈரத்தோடு சுருட்டி வைத்ததுதான் அதிகம் கெடுத்தது. அதற்கும் மூலம் அந்த நூல். தரமான நூற்கண்டில் ஒட்டுத்தாள் இருக்கும். டிஎம்சி, ஆங்கர் போன்றவற்றில் நிற எண், 8 மீற்றர் நீளம் எல்லாம் அச்சிட்டிருக்கும். ஒட்டுத்தாள் இல்லாத கட்டு நூலை வாங்கவே வாங்காதீர்கள்.

நூல் விற்றவரைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். "துணியும் நூலும் நாங்கள் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள், தைத்ததை நாங்களே எடுப்போம்" என்று தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக வருகிறார்கள். தைத்துக் கொண்டுபோனால் "தையல் சீரில்லை" என்று தள்ளிவிடுவார்கள். முன்பணம் திரும்பாது. உண்மையாக வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார், கூலி தருவார். என்னிடம் பழகிய பிள்ளைகள் சிலர் இப்படிப் பணம் இழந்தார்கள். முறையிட அவர்களைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பில் கேட்டார்கள். பில் கொடுக்காமல் ஏமாற்றியவனைப் பற்றிச் சொல்லப் போனால் பில் கேட்டால் எப்படி? நீட்டிய படிவமும் சிங்களத்தில் மட்டும். 1987இலேயே தமிழும் ஆட்சிமொழி என்று அரசியல் யாப்பில் எழுதியாகிவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண் எத்தனை நாள் பேரை, அதாவது நாட்கூலியை, இழந்து இப்படி அலைவாள்? அதனால் இவர்களிடம் முன்பணம் கொடுக்கவே வேண்டாம். கொடுத்துவிட்டு நியாயம் தேடுவது மிகக் கடினம்.

அடுத்த போயாவுக்குக் கட்டாயம் போங்கள். தோழிகளோடு உட்கார்ந்து தைக்கிற நாளை ஒரு கறைக்காக விட்டுவிடாதீர்கள். போகுமுன் ஒவ்வொரு நிறத்திலும் விரல் நீள நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திக் காயவையுங்கள். நிறம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். வெள்ளைத் துணியில் சிவப்பைக் கடைசியாகத் தையுங்கள். தையலை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோங்கள், தேநீர் பிளாஸ்க் வேறு பையில் இருக்கட்டும். மூட்டம் இறங்கத் தொடங்கியதும் தையல் வளையத்தைக் கழற்றி, துணி காய்ந்திருக்கும்போதே உள்ளே வைத்துவிடுங்கள்.