வாக்குமூலம் எந்த மொழியில்?

அன்பின் அக்கா,

நான் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளை ஒருத்திக்கு நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. அவளுடைய அம்மா அன்றைய பேர் (நாட்சம்பளம்) போனாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து இறங்கி வந்தார். மூவருமாகப் பொலிசுக்குப் போனோம். பெண்கள் பிரிவில் இருந்த மிஸ் தன்மையாகத்தான் பேசினார், ஆனால் தமிழ் தெரியாது. வெளியே நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் எங்கள் தோட்டத்து ஆள். பிள்ளை பாதியோடு நிறுத்திவிட்டாள். சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தோம். இப்போது தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார். பாதிக்கப்பட்டவர்களுக்கு அது இருக்கிறது, இது இருக்கிறது என்கிறார்களே, அதெல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பது யார்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்பின் தங்கச்சி,

தோட்டத்தின் பெயரையும் பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய வேறு சிலவற்றையும் எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைப் போடுகிறேன். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் செய்த திருத்தத்தின்படி குற்றம். நியாயம் கேட்கிறோம் என்று பேஸ்புக்கில் படம் போடும் நம் இளைஞர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பார்க்க வேண்டியவர்களுக்குக் குறைவில்லை. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஒரு தேசிய அதிகாரசபை இருக்கிறது. பொலிசார் மீதான முறைப்பாட்டை எடுக்கத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் உண்டு. ஆனால் இவர்கள் எல்லாரும் பார்ப்பது எழுதப்பட்டதை மட்டும்தான். அந்தப் பிள்ளை பாதியில் நிறுத்தியது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கொழும்புக்குப் போகும் கணக்கில் அது ஒழுங்காக எடுத்த ஒரு முறைப்பாடு. கண்காணிப்பு தோற்பது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு. வாயால் சொல்லும் முறைப்பாட்டை, சொன்னவரின் மொழியிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், சொல்பவரையே விரும்பிய மொழியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவராலும் முடியாது என்றால் மட்டுமே வேறு மொழி. அப்போதும் ஏன் அப்படி எழுதுகிறேன் என்ற காரணத்தை முதலில் பதிய வேண்டும். உங்கள் பிள்ளை தமிழில் எழுதத் தெரிந்தவள். ஒரு பேனாவும் ஒற்றைத் தாளும் கொடுத்திருந்தால் ஆட்டோக்காரருக்கு அந்த அறையில் வேலையே இல்லை. அதைச் செய்யாமல் அயலவனுக்கு முன்னால் அவளை வாய் திறக்கச் சொன்னார்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

இன்னும் ஒன்றும் கைமீறிப் போகவில்லை. அவள் விரும்பினால், வீட்டிலிருந்தே தன் கையால் தமிழில் எழுதிக்கொண்டு போய் மேலதிக வாக்குமூலமாகக் கொடுக்கலாம். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து வாங்குங்கள். நிலையத்தில் இழுத்தடித்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் போங்கள். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1938 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் பெண்களுக்கான அரசாங்க உதவி இணைப்பு கிடைக்கும்.

ஆஸ்பத்திரி பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. பொலிசில் என்ட்ரி போடாமல் டொக்டர் பார்க்க மாட்டார் என்று தோட்டங்களில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பிழை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் போஸ்டும் உண்டு, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அந்த நேரம் கடந்திருக்கும். ஆனாலும் பரிசோதனைக்கும் மனநல உதவிக்கும் கட்டாயம் கூட்டிப்போங்கள். சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்று நட்பு நிலையம் என்று ஒரு அறை இருக்கும், வாசலில் கேளுங்கள்.

தலைவருக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. வல்லுறவு சமாதானம் பேசித் தீர்க்கக்கூடிய குற்றமல்ல. பிள்ளையின் வீட்டாரை அவர் நெருக்கினால், சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர் அந்த அம்மாதான். அவர் பக்கம் நிற்பதுதான் தலைவரின் வேலை.

இனி உங்கள் கேள்வியின் மிச்சம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். பிள்ளையின் பெயரோ சம்பவமோ அதில் வரத் தேவையில்லை. அந்த நிலையத்தின் பெண்கள் பிரிவில் தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், தமிழர் கொடுத்த முறைப்பாடுகளில் எத்தனை சிங்களத்தில் எழுதப்பட்டன, அவற்றில் எத்தனையில் காரணம் பதியப்பட்டது. இந்த மூன்றையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் தனியாகப் போட வேண்டாம், ஊருக்குள் பகையாகும். நான் என் பெயரில் போடுகிறேன். நிலையத்தின் பெயரை மட்டும் தனியே எழுதி அனுப்புங்கள்.